அவசரத் தண்ணியை எதுல பிடிச்சு வைக்கலாம்? கேன், குடம், டிரம்: எது தாங்கும், எது தாங்காது

(இது எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக இருக்கட்டும் என்று ஆங்காங்கே சுருக்கி, திருத்தியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு நாம பேசப்போறது ரொம்ப சாதாரணமான ஒரு பொருளைப் பத்தி: தண்ணி கேன்.

சென்னையில கடந்த சில வருஷத்தை மட்டும் திரும்பிப் பாருங்க. 2015 டிசம்பர்ல வெள்ளம். 2019 கோடையில பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம்னு நாலு ஏரியும் கிட்டத்தட்ட வறண்டுபோச்சு. அந்த ஜூலையில ஜோலார்பேட்டையில இருந்து ரயில்ல 25 லட்சம் லிட்டர் தண்ணி வில்லிவாக்கத்துக்கு வந்தது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல். வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கமெல்லாம் நாள்கணக்குல தண்ணி வடியல. அதே மாசம் தெற்கே காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை.

வறட்சியிலயும் வெள்ளத்துலயும் வீட்டுக்குள்ள நடந்தது ஒண்ணுதான்: குழாயைத் திறந்தா தண்ணி வரல. வறட்சியில ஏன் வராதுன்னு சொல்ல வேண்டியதில்லை. வெள்ளத்துல ஏன் வரலன்னா, கரண்ட் போனா மோட்டார் ஓடாது. மோட்டார் ஓடாட்டி மாடித் தொட்டி ஒரே நாள்ல காலி. கீழே இருக்கிற சம்ப்புக்குள்ள தெருத் தண்ணியும் சாக்கடையும் கலந்துடும். லிஃப்ட்டும் ஓடாது. வாட்டர் கேன் போடுற அண்ணனும் வர முடியாது. மூணாவது மாடியில கைக்குழந்தையோட இருக்கிறவங்களுக்கு பால் பவுடர் கலக்க ஒரு டம்ளர் நல்ல தண்ணி இல்லாம போற நேரம் அது.

அதனால வீட்டுல கொஞ்சம் தண்ணி எப்பவும் ஒதுக்கி வைக்கணும். சரி, எதுல வைக்கிறது?

முதல்ல, எவ்வளவு வேணும்?

அளவு தெரிஞ்சாதான் கேன் வாங்க முடியும். பேரிடர் நேரத்துக்குப் பொதுவா சொல்ற கணக்கு, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு சுமார் 4 லிட்டர். குடிக்க, கொஞ்சம் சமைக்க, பல் தேய்க்க, கை கழுவ. குளிக்கிறதும் துணி துவைக்கிறதும் இதுல சேராது. குறைஞ்சது மூணு நாளைக்கு வைங்க, முடிஞ்சா ரெண்டு வாரத்துக்கு வைங்கன்னு சொல்றாங்க.

நாலு பேர் இருக்கிற வீடுன்னா ஒரு நாளைக்கு 16 லிட்டர். மூணு நாளைக்கு 48 லிட்டர். பத்து லிட்டர் கேன் அஞ்சு இருந்தா போதும். ஒரு வாரத்துக்குன்னா 112 லிட்டர், அதாவது பன்னிரண்டு கேன். ரெண்டு வாரத்துக்கு அதுல இரட்டிப்பு. சின்ன ஃப்ளாட்ல அவ்வளவுக்கு இடம் இருக்காது. மூணு நாளைக்கு இருந்தாலே நீங்க முக்கால்வாசி வீடுகளைவிட நல்ல நிலைமையில இருப்பீங்க. அதுல ஆரம்பிங்க.

கழிவறைக்கு ஊத்துற தண்ணி தனிக் கணக்கு. அதுக்கு பாத்ரூம் டிரம், பக்கெட் எதுவா இருந்தாலும் பரவாயில்ல. நாம தேர்வு செய்யப் போறது குடிக்கிற தண்ணிக்கான பாத்திரத்தை.

தண்ணி கெட்டுப்போகுமா?

தண்ணி பால் மாதிரி திரியாது. சுத்தமான தண்ணி, சுத்தமான பாத்திரத்துல, காத்துப் புகாம, வெளிச்சம் படாம இருந்தா மாசக்கணக்குல அப்படியே இருக்கும். கெடுக்கிறது வெளியில இருந்து வர்ற நாலு விஷயம்.

ஒண்ணு, கிருமி. பெரும்பாலும் நம்ம கை வழியாத்தான் போகுது. டம்ளரை உள்ள விட்டு மொண்டா, கையில இருக்கிறது எல்லாம் தண்ணிக்குள்ள. ரெண்டு, வெளிச்சம். பாசி பிடிக்க வெளிச்சம் வேணும். மூணு, பாத்திரத்துல இருந்தோ பக்கத்துல இருக்கிற பொருள்ல இருந்தோ இறங்குற ரசாயனம். நாலு, கொசு. டெங்கு பரப்புற ஏடிஸ் கொசு நாம சேர்த்து வைக்கிற நல்ல தண்ணியிலதான் விரும்பி முட்டை போடும். முட்டையில இருந்து கொசுவாகிப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணிப் பஞ்சத்துக்குன்னு குடம் குடமா பிடிச்சு வைக்கிற தெருவுல டெங்கு வர்றது இதனாலதான்.

இந்த நாலையும் தடுக்கிற பாத்திரம்தான் நல்ல பாத்திரம். இனிமே சொல்றதெல்லாம் இந்த நாலுல இருந்து வர்றதுதான்.

கேனைத் திருப்பிப் பாருங்க: அடியில ஒரு எண் இருக்கும்

பிளாஸ்டிக் பாத்திரத்தோட அடியில முக்கோண அம்புக்குறிக்குள்ள 1-ல இருந்து 7 வரைக்கும் ஒரு எண் போட்டிருக்கும். அது எந்த வகை பிளாஸ்டிக்னு சொல்லுது. தரச் சான்றிதழ்னு நினைச்சுடாதீங்க.

எண் 2, ஹெச்.டி.பி.இ. நீண்ட நாள் சேமிப்புக்கு முதல் தேர்வு இதுதான். கெட்டியா, கொஞ்சம் மெழுகு மாதிரி வழவழன்னு, வெளிச்சம் முழுசா ஊடுருவாம இருக்கும். கீழே விழுந்தாலும் சட்டுன்னு உடையாது. கடையில ஜெர்ரி கேன்னு கேட்டா எடுத்துக் காட்டுற கைப்பிடி வெச்ச கேன்கள் பெரும்பாலும் இந்த வகை.

எண் 1, பெட். கூல்டிரிங்ஸ் பாட்டில், தண்ணி பாட்டில் எல்லாம் இது. உணவுக்கு ஏத்ததுதான். நிழல்ல வெச்சா பிரச்சினை இல்லை. ஆனா ஒளி ஊடுருவும், சூடு ஆகாது. வெயில்ல நிக்கிற கார்ல மாசக்கணக்குல வைக்கக் கூடாது.

எண் 5, பாலிப்ரொப்பிலீன். டிபன் பாக்ஸ், மூடி வெச்ச டப்பாக்கள்ல வரும். தண்ணிக்கு நல்லதுதான். ஆனா நல்லா இறுக்கி மூடுற பெரிய கேன் இதுல கிடைக்கிறது குறைவு.

எண் 7, ‘மற்றவை’ன்னு ஒரு கலவைக் கூட்டம். அதுல முக்கியமானது பாலிகார்பனேட். பளிங்கு மாதிரி தெளிவா, தட்டினா ‘டக்’னு கெட்டியா இருக்கிற 20 லிட்டர் பபிள்டாப் கேன்கள் பல இதுல செஞ்சவை. இதுல பி.பி.ஏ.ங்கிற பொருள் இருக்கு. கேன் பழசாகி, கீறல் விழுந்து, வெயில்லயும் சூட்டுலயும் கிடந்தா, தண்ணியில அது இறங்குறது கூடும். வாரத்துக்கு ஒண்ணு மாத்திக் குடிக்கிறதுக்கு வேணா ஓடும். ஆறு மாசம் மூடி வைக்கிறதுக்கு இதைத் தேர்வு செய்ய வேண்டாம்.

எண் 3 பி.வி.சி., எண் 6 பாலிஸ்டைரீன். ரெண்டையும் விட்டுடுங்க.

எண் மட்டும் பார்த்தா பத்தாது. ‘ஃபுட் கிரேட்’னு எழுதியிருக்கா, இல்லைன்னா கோப்பையும் முள்கரண்டியும் சேர்ந்த குறி இருக்கான்னு பாருங்க. ஒரே ஹெச்.டி.பி.இ.யில பினாயில் கேனும் செய்றாங்க, எண்ணெய் கேனும் செய்றாங்க. சேர்க்கிற சாயமும் மத்த பொருளும் வேற வேற. புதுக் கேனை ஒரு நாள் மூடி வெச்சுத் திறந்து மோந்து பாருங்க. மூக்கைத் துளைக்கிற பிளாஸ்டிக் வாடை வந்தா, குடிதண்ணிக்கு அது வேண்டாம்.

அப்போ நம்ம பிளாஸ்டிக் குடம்?

தண்ணி லாரி வந்தா வரிசையில நிக்கிற அந்தக் கலர் குடம் இல்லாத வீடு கிடையாது. தூக்கிட்டு வர அதைவிட வசதியானது இல்லை. இடுப்புக்கு ஏத்த மாதிரியே செஞ்சிருக்காங்க. ஆனா நாள்கணக்குல வைக்கிறதுக்கு அது செட்டாகாது. மூடி இல்லை, இருந்தாலும் சும்மா மேல உக்காந்திருக்கும். கொசு போற அளவுக்கு இடைவெளி இருக்கும். டம்ளர் விட்டு மொள்ளத்தான் தோணும். பல குடங்கள்ல எந்த பிளாஸ்டிக்னு எண்ணே போட்டிருக்காது. குடத்தைத் தூக்க வைங்க, சேர்த்து வைக்க வேற பாருங்க.

எவர்சில்வர் பாத்திரம் நல்லது. வெளிச்சம் புகாது, எதுவும் இறங்காது, பரம்பரைக்கும் இருக்கும். குறை ரெண்டு: இறுக்கி மூடுற மூடியோட கிடைக்கிறது கம்மி, குளோரின் அதிகமா போட்டா நாளாவட்டத்துல புள்ளி புள்ளியா அரிக்கும். திருகு மூடியும் குழாயும் வெச்ச எவர்சில்வர் டிரம் கிடைச்சா தாராளமா வாங்கலாம்.

செம்புக் குடத்துல ராத்திரி முழுக்க வெச்ச தண்ணியில பல பாக்டீரியாக்கள் செத்துப்போறதை ஆய்வுகள்லயும் பார்த்திருக்காங்க. அது ராத்திரி வெச்சு காலையில குடிக்கிற கதை. மாசக்கணக்குல வெச்சா செம்பு தண்ணியில இறங்கிக்கிட்டே இருக்கும். உலக சுகாதார அமைப்பு சொல்ற வரம்பு லிட்டருக்கு 2 மில்லிகிராம். அதைத் தாண்டினா வாந்தி, வயித்துவலி வரலாம்.

மண்பானை தண்ணியைக் குளிர வைக்கிறதே அதோட நுண்துளை வழியா தண்ணி கசிஞ்சு ஆவியாகிறதாலதான். அப்போ இருப்பு குறைஞ்சுக்கிட்டே போகும். கோடைக்கு அருமை, அவசரச் சேமிப்புக்கு இல்லை. கண்ணாடி எதையும் கலக்க விடாது, ஆனா இருட்டுல, அவசரத்துல கை தவறினா தண்ணியும் போச்சு, காலும் போச்சு.

அந்த நீல டிரம்மை வாங்காதீங்க

தண்ணிப் பஞ்சம் வந்தாலே ரோட்டோரக் கடையில நீல நிற 200 லிட்டர் டிரம் அடுக்கி வெச்சிருப்பாங்க. புதுசைவிட விலை கம்மியா இருக்கும். ஹெச்.டி.பி.இ.தான், கெட்டியாவும் இருக்கும். பிரச்சினை, அதுக்குள்ள முன்னாடி என்ன இருந்ததுங்கிறதுதான். தொழிற்சாலையில ஆசிட், கரைப்பான், சாயம், பசைன்னு எது வேணா இருந்திருக்கலாம். பிளாஸ்டிக் அந்த ரசாயனத்தைக் கொஞ்சம் உள்ள இழுத்து வெச்சுக்கும். சோப்பு போட்டு எத்தனை தடவை தேய்ச்சாலும் அது முழுசா வராது. பிறகு நீங்க ஊத்துற தண்ணியில மெல்ல மெல்ல இறங்கும். கடைக்காரர் ‘ஜூஸ் கம்பெனி டிரம்தான் சார்’னு சொன்னாலும் நிரூபிக்க வழியில்லை. கழிவறைக்கு வேணா வெச்சுக்கோங்க. குடிக்க, சமைக்க, குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டாம்.

ஏற்கெனவே பால், ஜூஸ் வெச்சிருந்த பிளாஸ்டிக் கேனும் வேண்டாம். அந்தப் புரதமும் சர்க்கரையும் முழுசா போகாது. அதைச் சாப்பிட்டே கிருமி வளரும்.

பெரிய தொட்டியே வைக்க இடம் இருக்குன்னா, சின்டெக்ஸ்னு நாம பொதுவா சொல்ற பிளாஸ்டிக் தொட்டிகளுக்கு ஐ.எஸ். 12701ங்கிற தரநிலை இருக்கு. அந்த எண்ணைப் பார்த்து வாங்குங்க.

எந்த அளவு, எந்த வடிவம்

ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ. 20 லிட்டர் கேன்னா 20 கிலோவுக்கு மேல. கரண்ட் இல்லாத ராத்திரி, தண்ணி ஏறிக்கிட்டு வருது, கேனை மேல் மாடிக்குத் தூக்கணும். வீட்டுல யார் தூக்குவாங்கன்னு யோசிங்க. அம்மாவால முடியுமா? தாத்தாவால முடியுமா? அதனாலதான் 5 லிட்டர், 10 லிட்டர்னு பிரிச்சு வைக்கச் சொல்றேன். இன்னொரு லாபம்: ஒரு கேன்ல ஏதாவது கலந்துட்டாலும் மிச்சம் நாலும் பத்திரமா இருக்கும்.

வாய் குறுகலா இருக்கட்டும். கை உள்ள போகாத வாய்ன்னா மொள்ள முடியாது, சாய்ச்சு ஊத்தித்தான் ஆகணும். பாதிக் கிருமிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. மூடி திருகு மூடியா, உள்ள ரப்பர் வாஷர் இருக்கிறதா இருக்கணும். குழாய் வெச்ச கேன் பயன்படுத்தும்போது ரொம்ப வசதி. ஆனா மாசக்கணக்குல சேமிக்கும்போது கசிவு ஆரம்பிக்கிற இடமும் அந்தக் குழாய்தான். குழாயைத் தனியா எடுத்து வெச்சுட்டு, தேவைப்படும்போது மாட்டுற மாதிரி கேன் கிடைச்சா நல்லது.

சதுரக் கேன் உருண்டைக் கேனைவிட இடத்தை மிச்சம் பண்ணும், கட்டிலுக்கு அடியில வரிசையா நிக்கும். ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குறதா இருந்தா, அடுக்கத் தகுந்ததுன்னு போட்டிருக்கிற கேனா இருக்கணும்.

வாங்கினதும் ஒரு சோதனை: தண்ணி நிரப்பி, மூடி, பேப்பர் மேல படுக்க வெச்சு ஒரு ராத்திரி விடுங்க. காலையில பேப்பர் நனைஞ்சிருந்தா கடைக்காரர்கிட்ட திருப்பிக் கொடுங்க.

கழுவி, நிரப்பி, மூடி வைக்கிறது

முதல்ல சோப்பு போட்டுக் கழுவி நல்லா அலசுங்க. பிறகு வாசனையோ சோப்போ சேர்க்காத வெறும் திரவ ப்ளீச், ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு டீஸ்பூன் கலந்து கேனுக்குள்ள ஊத்தி, எல்லாப் பக்கமும் படுற மாதிரி குலுக்குங்க. அரை நிமிஷம் கழிச்சுக் கொட்டிட்டுக் காய விடுங்க, இல்லைன்னா சுத்தமான தண்ணியில அலசுங்க. மூடியையும் மறக்காம அதே தண்ணியில நனைங்க. ப்ளீச்சை வேற எந்த கிளீனரோடவும் கலக்காதீங்க, விஷவாயு வரும்.

எந்தத் தண்ணியை நிரப்புறது? பலரும் ஆர்.ஓ. தண்ணின்னு சொல்வீங்க. இங்க ஒரு விஷயம் இருக்கு. மெட்ரோ வாட்டர்ல கொஞ்சம் குளோரின் மிச்சம் இருக்கும். இந்தியக் குடிநீர் தரநிலை ஐ.எஸ். 10500 படி குறைஞ்சது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருக்கணும். அந்தக் குளோரின்தான் வழியில புகுற கிருமியைக் கொல்லுது. ஆர்.ஓ. மெஷின்ல இருக்கிற கரி ஃபில்டர் அந்தக் குளோரினை எடுத்துடும். அதனால ஆர்.ஓ. தண்ணி குடிக்கும்போது சுவையா இருந்தாலும், சேமிச்சு வெச்சா அதுக்குப் பாதுகாப்பு இல்லை. எந்தத் தண்ணியை நிரப்பினாலும், அது தெளிவா இருக்கணும், குடிதண்ணியைச் சுத்திகரிக்கிற குளோரின் மாத்திரையை அட்டையில போட்டிருக்கிற அளவுப்படி போட்டு மூடணும். போர் தண்ணி உப்பா இருந்தா குளோரின் அந்த உப்பை எடுக்காது, ஞாபகம் வைங்க.

கழுத்து வரைக்கும் நிரப்புங்க. மூடி இறுக்குங்க. ஒரு டேப் ஒட்டி தேதி எழுதுங்க.

வைக்கிற இடம் இருட்டா, குளிர்ச்சியா இருக்கணும். மொட்டை மாடி, பால்கனி வெயில் வேண்டாம். பெட்ரோல், தின்னர், பெயின்ட், பூச்சிமருந்து பக்கத்துலயும் வேண்டாம். அந்த ஆவி பிளாஸ்டிக் வழியா உள்ள போகும். தரைத்தளத்துல இருக்கிறவங்க கொஞ்சம் உயரமா வைங்க. ஆனா பரண் மேல அம்பது கிலோவை ஏத்தாதீங்க, அது அதுக்குக் கட்டினதில்லை. கனத்தைச் சுவரோரமா, தரையில கொஞ்சம் பரப்பி வைங்க.

ஆறு மாசத்துக்கு ஒரு தடவை தண்ணியை மாத்துங்க. ஞாபகம் வெச்சுக்க சுலபமான வழி: ஆயுத பூஜைக்கு வீட்டைத் துடைக்கும்போது ஒரு தடவை, சித்திரைப் புத்தாண்டுக்கு ஒரு தடவை. முதல்ல மாத்துறது வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி, அடுத்தது கத்திரி வெயிலுக்கு முன்னாடி. பழைய தண்ணி செடிக்கும் வீடு துடைக்கவும் ஆகும். காலி பண்ணின கேனை உள்சுவர் தேய்ச்சுக் கழுவுங்க. மூடி எப்போவாவது திறந்து கிடந்திருந்தா இது இன்னும் முக்கியம். ஏடிஸ் முட்டை சுவர்ல ஒட்டிக்கிட்டு, தண்ணி இல்லாமலே மாசக்கணக்குல உயிரோட இருக்கும்.

நேயர்கள் கேட்ட கேள்விகள்

*பி.ஜி.யில ஒரு கட்டில், ஒரு அலமாரிதான். நான் என்ன பண்ண?*

ரெண்டு லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டில் ஆறு. 12 லிட்டர், ஒரு ஆளுக்கு மூணு நாள். கேஸ் அழுத்தத்தைத் தாங்கச் செஞ்ச பாட்டில், அதனால கெட்டி. வாசனை போற வரைக்கும் கழுவி, கட்டிலுக்கு அடியில வைங்க. ஒரு லிட்டர் தண்ணி பாட்டில் ரொம்ப மெல்லிசு, திரும்பத் திரும்ப நிரப்ப ஏத்ததில்லை.

*சீல் பிரிக்காத 20 லிட்டர் கேனையே வாங்கி வெச்சா?*

கொஞ்ச நாளைக்குன்னா வைக்கலாம். லேபிள்ல இருக்கிற தேதியைப் பாருங்க. அதுக்குள்ள குடிச்சுட்டு புதுசு மாத்துங்க. புயல் எச்சரிக்கை வந்தா கூட ஒரு கேன் வாங்கி வைக்கிறது நல்ல பழக்கம்.

*வெச்ச தண்ணி சப்புன்னு இருக்கே, கெட்டுப்போச்சா?*

கரைஞ்சிருந்த காத்து குறைஞ்சா அப்படி இருக்கும். டீ ஆத்துற மாதிரி ரெண்டு டம்ளர்ல மாத்தி மாத்தி ஊத்துங்க, சுவை திரும்பும். நாத்தமோ, கலங்கலோ, வழவழப்போ இருந்தா அது வேற, குடிக்காதீங்க. சந்தேகமா இருந்தா, தளதளன்னு கொதிச்ச பிறகு ஒரு நிமிஷம் விட்டு ஆற வெச்சுக் குடிங்க. கொதிக்க வெச்சா கிருமி சாகும், ரசாயனம் போகாது.

*கேன் வெள்ளத்துல மூழ்கிட்டா?*

மூடி இறுக்கமா இருந்தாலும், திருகு இடுக்குல சாக்கடைத் தண்ணி நின்னிருக்கும். அதைக் குடிக்க எடுக்காதீங்க. கழிவறைக்கு ஊத்துங்க.

*எதுவுமே சேமிச்சு வைக்கல, இப்போ குழாயில வரல. வீட்டுல வேற எங்க தண்ணி இருக்கும்?*

கீசருக்குள்ள 10, 15, சில வீடுகள்ல 25 லிட்டர் நிக்கும். கரண்ட் சுவிட்சை அணைச்சு, ஆற விட்டு இறக்குங்க. கழுவ, துடைக்க ஆகும். ஃப்ரிட்ஜ்ல ஐஸ் ட்ரே இருந்தா அதுவும் தண்ணிதான்.

சரி, இந்த வாரத்துக்கு ஒரு சின்ன வேலை. பத்து லிட்டர், எண் 2, ஃபுட் கிரேட், திருகு மூடி. இந்த நாலையும் பார்த்து ஒரே ஒரு கேன் வாங்குங்க. அடுத்த மாசம் இன்னொண்ணு. அஞ்சு மாசத்துல நாலு பேர் வீட்டுக்கு மூணு நாள் தண்ணி தயார். தனியா இருக்கிற பெரியவங்க யாராவது உங்க அபார்ட்மென்ட்ல இருந்தா, அவங்களுக்கும் ஒரு அஞ்சு லிட்டர் கேனை நிரப்பிக் கொடுத்துட்டு வாங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.